வாசிக்கிறது பிள்ளை, புரிகிறதா? – வாசகர் கேள்வி பதில்

தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளின் வாசிப்பைப் பற்றிக் குமரி மாவட்டத்துப் பெற்றோரும் ஆசிரியர்களும் கேட்ட கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். எல்லாக் கேள்விகளுக்கும் அடியில் இருப்பது ஒரே கவலைதான்: எழுத்துக்கூட்டி வாசித்துவிடுகிறது பிள்ளை, வாசித்தது மனதில் ஏறவில்லை. கேள்வி கேட்டு மதிப்பெண் போட்டால் புரியாத பிள்ளை யார் என்று தெரியும். ஆனால் அந்தப் பிள்ளைக்கு அதனால் புரிந்துவிடாது. எந்த இடத்தில் அறுகிறது என்று கண்டுபிடித்து, அந்த இடத்தில் உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும். பதில்கள் எல்லாம் அந்த வழியில்தான் போகின்றன.

கேள்வி: மகள் மூன்றாம் வகுப்பு. தடுமாறாமல் வாசிக்கிறாள். புத்தகத்தை மூடிவிட்டு "என்ன வாசிச்ச மக்ளே?" என்று கேட்டால் முழிக்கிறாள். கவனம் இல்லையா, வேறு ஏதாவது குறையா?
– ஒரு தாய், தக்கலை

பதில்: கவனக்குறைவு என்று முடிவுகட்டும் முன் ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். அவள் இதுவரை வாசிக்காத, ஒரே அளவு கடினமுள்ள இரண்டு குட்டிக் கதைகளை எடுங்கள். ஒவ்வொன்றும் 60 முதல் 80 சொற்கள் இருந்தால் போதும். முதல் கதையை நீங்கள் வாசியுங்கள், அவள் கேட்கட்டும். பிறகு கதையைச் சொல்லச் சொல்லுங்கள். மறுநாள் இரண்டாவது கதையை அவளே வாசித்துவிட்டுச் சொல்லட்டும். இரண்டையும் ஒப்பிட்டால் மூன்றில் ஒன்று தெரியவரும்.

காதால் கேட்டது புரிகிறது, கண்ணால் வாசித்தது புரியவில்லை என்றால், எழுத்தைக் கூட்டுவதிலேயே அவளுடைய முழு பலமும் செலவாகிறது. வெளியே தடுமாற்றம் தெரியாவிட்டாலும் உள்ளே அப்படித்தான் நடக்கிறது. இதற்கு மருந்து, ஒரே பத்தியைத் தொடர்ந்து மூன்று நாள் வாசிப்பது. பத்தியில் பென்சிலால் சாய்கோடு போட்டுக் கொடுங்கள்: "ஆற்றங்கரையில் நின்ற / பெரிய ஆலமரத்தில் / இரண்டு காகங்கள் / கூடு கட்டியிருந்தன." கோடு வரும் இடத்தில் மட்டும் மூச்சு விட வேண்டும். ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி வாசிக்கும் பிள்ளைக்கு வாக்கியத்தின் கடைசிக்கு வரும்போது முதல் சொல் மறந்துபோகும். கோடு போட்டு வாசிக்கும்போது "ஆற்றங்கரையில் நின்ற" என்பது ஒரே துண்டாக மனதில் நிற்கும்.

நீங்கள் வாசித்தாலும் புரியவில்லை, அவள் வாசித்தாலும் புரியவில்லை என்றால், சிக்கல் எழுத்தில் இல்லை, மொழியில் இருக்கிறது. வீட்டில் "வந்துட்டு, போயிட்டு" என்று கேட்டு வளரும் காதுக்கு "வந்தமையால், சென்றிருந்தபோதிலும்" என்பது பாதி அந்நிய மொழி. எழுத்து நடையில் உள்ள கதைகளைத் தினம் 10 நிமிடம் நீங்கள் வாசித்துக் காட்டுவதைத் தவிர இதற்குக் குறுக்கு வழி கிடையாது. மூன்றாம் வகுப்புக்கு வந்துவிட்டாள், இனி அவளே வாசிக்கட்டும் என்று வாசித்துக் காட்டுவதை நிறுத்திவிட வேண்டாம். அந்த வயதில்தான் அது அதிகம் தேவை.

மூன்றாவது, இரண்டும் புரிகிறது, சொல்லத்தான் வரவில்லை. "என்ன வாசிச்ச?" என்பது பிள்ளைக்கு மிகப் பெரிய கேள்வி. எங்கே தொடங்குவது என்று தெரியாமல்தான் முழிக்கிறது. பிடித்து ஏற மூன்று படி கொடுங்கள்: யார் வந்தாங்க? அவங்களுக்கு என்ன கஷ்டம் வந்துது? கடைசியில என்ன ஆச்சு? சில நாளில் இந்தப் படிகள் இல்லாமலே சொல்லும்.

பிலிப் காஃப், வில்லியம் டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் 1986-இல் இதை ஒரு பெருக்கல் கணக்காகவே எழுதினார்கள்: எழுத்தைப் படிக்கும் திறன், மொழியைப் புரியும் திறன் இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் வாசித்துப் புரிதல். ஒன்று பூஜ்ஜியம் என்றால் விடையும் பூஜ்ஜியம். அதனால்தான் எது குறைவு என்று முதலில் பார்க்கச் சொல்கிறோம்.

பெரியவர்கள் செய்யும் ஒரு காரியத்தையும் சொல்லியாக வேண்டும். பிள்ளை ஒரு எழுத்தைப் பிசகியவுடன் பாய்ந்து திருத்துவது. திருத்தினால் அது எழுத்தைப் பார்க்கும், பொருளை விட்டுவிடும். வாக்கியம் முடியும்வரை பொறுங்கள். பாதிப் பிழைகளைப் பிள்ளையே திரும்பிவந்து சரிசெய்யும். அப்படித் திரும்பி வருவதே அதற்குப் புரிகிறது என்பதற்கு அடையாளம்.

கேள்வி: எங்கள் வகுப்பில் பாடப் பயிற்சிக் கேள்விகளுக்கு எல்லோரும் சரியாக எழுதுகிறார்கள். புதிய பத்தி கொடுத்தால் பாதிப் பேர் விழுந்துவிடுகிறார்கள். உண்மையில் புரிந்துதான் எழுதுகிறார்களா?
– ஆசிரியை, முட்டம்

பதில்: இந்தப் பத்தியைப் பாருங்கள். "ஒரு பிலுவன் தெனகியின் மேல் நொமிந்தது. தெனகி உடனே கசலிட்டது." பிலுவன் எதன் மேல் நொமிந்தது? தெனகியின் மேல். தெனகி என்ன செய்தது? கசலிட்டது. இரண்டுக்கு இரண்டு மதிப்பெண். ஆனால் ஒரு சொல்லுக்கும் பொருள் கிடையாது, நாங்கள் இட்டுக்கட்டியவை. கேள்வியில் உள்ள சொல்லைப் பத்தியில் தேடி, அந்த வரியை அப்படியே இறக்கிவைக்கும் வித்தையைப் பிள்ளைகள் இரண்டாம் வகுப்பிலேயே கற்றுக்கொண்டுவிடுகிறார்கள்.

இதை உடைக்கக் கேள்வியை மாற்ற வேண்டும். விடை ஒரே வரியில் கிடைக்கும் கேள்வி ஒன்றோ இரண்டோ போதும். மற்றவை, இரண்டு வரிகளைச் சேர்த்தால் மட்டும் விடை வருபவையாகவும், பத்தியோடு பிள்ளையின் சொந்த அறிவையும் சேர்க்க வேண்டியவையாகவும் இருக்கட்டும். உங்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்த விஷயத்திலேயே ஒன்று:

"குமரி மாவட்டத்தில் விசைப்படகுகளுக்கு இரண்டு தடைக்காலம் உண்டு. கிழக்குக் கடற்கரையில் உள்ள சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்குக் கடற்கரையில் உள்ள குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணத்தில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்பதால் இந்தத் தடை."

சின்னமுட்டத்தில் தடை எப்போது தொடங்குகிறது என்பது வரியைப் பார்த்து எழுதும் கேள்வி. ஜூன் 20-ஆம் தேதி கடலுக்குப் போன விசைப்படகு எந்தத் துறைமுகத்திலிருந்து போயிருக்க முடியும் என்பதற்கு இரண்டு வரியையும் படித்து ஒப்பிட வேண்டும். இரண்டு பக்கமும் சேர்ந்து தடை இருக்கும் நாட்கள் எவை என்று கேட்டால் ஜூன் 1 முதல் 14 வரை என்று வர வேண்டும். தடையே இல்லாவிட்டால் சில ஆண்டுகளில் வலையில் என்ன மாற்றம் தெரியும் என்பதற்கு விடை பத்தியில் இல்லை, ஆனால் பத்தியைப் புரியாமல் அதற்கு விடை சொல்ல முடியாது. நான்காம், ஐந்தாம் வகுப்புக்கு இந்தப் பத்தி பொருந்தும்.

விடை வந்தவுடன் "சரி" என்று நகராமல், "எந்த வரியைப் பார்த்துச் சொன்னாய்? விரலை வைத்துக் காட்டு" என்று கேளுங்கள். தவறான விடைக்கும் இதையே கேளுங்கள். பிள்ளை விரலை வைக்கும் இடம் சிக்கல் எங்கே என்று காட்டிக்கொடுத்துவிடும்.

கேள்வி: நான்காம், ஐந்தாம் வகுப்பில் சின்ன வாக்கியங்கள் புரிகின்றன. வாக்கியம் நீண்டால் யார் எதைச் செய்தார்கள் என்றே குழம்புகிறார்கள். சொற்பொருள் எல்லாம் சொல்லிக் கொடுத்தும் பயனில்லை.
– ஆசிரியர், தோவாளை

பதில்: நல்ல இடத்தைப் பிடித்திருக்கிறீர்கள். சொற்பொருள் எழுதிப்போட்டால் பத்தி புரிந்துவிடும் என்பது பரவலான நம்பிக்கை. தமிழில் பிள்ளைகள் அதிகம் வழுக்குவது சொல்லில் அல்லாமல் வாக்கியத்தின் மூட்டுகளில்தான். அதற்கென்று தனியாகப் பயிற்சி கொடுப்பது அபூர்வம்.

முதல் மூட்டு, எச்சங்களின் தொடர். "மாலையில் கரை திரும்பிய அந்தோணி, வலையை உதறிக் காயப்போட்டுவிட்டு, காத்திருந்த தங்கைக்குப் பையிலிருந்த பொரியைக் கொடுத்தான்." இதில் ஆறு செய்திகள் இருக்கின்றன. அந்தோணி மாலையில் கரை திரும்பினான். வலையை உதறினான். அதைக் காயப்போட்டான். தங்கை காத்திருந்தாள். பையில் பொரி இருந்தது. அதைத் தங்கைக்குக் கொடுத்தான். பிள்ளைகளிடம் ஆறு காகிதத் துண்டுகள் கொடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு குட்டி வாக்கியம் எழுதவையுங்கள். "காத்திருந்த" என்ற சொல்லை அந்தோணியோடு சேர்க்கும் பிள்ளை கட்டாயம் இருக்கும். அங்கேதான் நீங்கள் நின்று பேச வேண்டும். பிரிக்கப் பழகிய பிறகு திருப்பிச் செய்யுங்கள்: துண்டுகளைக் கொடுத்து ஒரே வாக்கியமாகக் கோக்கச் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு ஒரு வாக்கியம் போதும். மூன்று கொடுத்தால் சலித்துவிடும்.

இரண்டாவது, வேற்றுமை உருபு. "பூனையைத் துரத்திய நாய்", "பூனை துரத்திய நாய்" இரண்டையும் கரும்பலகையில் எழுதி, இரண்டு பிள்ளைகளை எழுப்பி ஓடிக் காட்டச் சொல்லுங்கள். முதல் தொடரில் பூனை முன்னே ஓடும், இரண்டாவதில் நாய் முன்னே ஓடும். ஓர் 'ஐ' இல்லாமல் போனால் ஓட்டமே தலைகீழாகிறது. ஓடிப் பார்த்த பிள்ளைக்கு அது மறக்காது. இலக்கணப் பெயரை இப்போது சொல்லத் தேவையே இல்லை.

மூன்றாவது, மறைந்திருக்கும் எழுவாய். "அம்மா மீனாவைத் தேடினாள். கிணற்றடியில் நின்றுகொண்டிருந்தாள். குடத்தை இறக்கி வைக்கச் சொன்னாள்." நின்றது யார்? மீனா. சொன்னது யார்? அம்மா. இரண்டு வினையும் 'ஆள்' என்றுதான் முடிகின்றன, பெயர் எங்கும் இல்லை. பெரியவர்களுக்கு இது கேள்வியாகவே தோன்றாது. பிள்ளைக்கோ முழுக் கதையும் இங்கேதான் கவிழ்கிறது. பத்தியை நகல் எடுத்துக் கொடுத்து, ஒவ்வொரு வினைமுற்றிலிருந்தும் அதைச் செய்தவர் பெயருக்கு அம்புக்குறி போடச் சொல்லுங்கள். 'அது', 'அவர்கள்', 'அங்கே', 'இதனால்' போன்ற சொற்களுக்கும் இப்படியே. அம்பு தவறிய இடங்களை மட்டும் வகுப்பில் பேசினால் போதும்.

கடைசியாக இணைப்புச் சொற்கள். 'ஆனால்', 'ஆகவே', 'இருந்தாலும்', 'அதற்குள்' இவற்றுக்குக் காகிதம் ஒட்டி மறைத்துவிட்டு, எது வரும் என்று கேளுங்கள். "மழை பெய்தது. ____ பிள்ளைகள் விளையாடப் போனார்கள்." 'ஆகவே' போட்ட பிள்ளையையும் 'இருந்தாலும்' போட்ட பிள்ளையையும் காரணம் சொல்லவையுங்கள். நல்ல சண்டை நடக்கும், நடக்கட்டும்.

கேள்வி: ஆறாவது முறை சொல்லிக்கொடுத்தும் "பத்தியில் சொல்லாததை ஊகித்து எழுதுக" என்ற கேள்விக்குப் பிள்ளைகள் வெற்றிடம் விடுகிறார்கள். ஊகிப்பதை எப்படிக் கற்பிப்பது?
– ஆசிரியை, குலசேகரம்

பதில்: ஊகி என்று சொல்வதால் ஊகிக்க வராது. நாம் எப்படி ஊகிக்கிறோம் என்று சத்தமாகச் செய்துகாட்ட வேண்டும். இந்த மூன்று வரியை எடுத்துக்கொள்வோம்.

"இரவு முழுவதும் ஓட்டின் மேல் சடசடவென்று சத்தம். விடிவதற்கு வெகுநேரம் முன்பே எழுந்த அப்பா கதவைத் திறந்து வெளியே பார்த்தார். தலைவிளக்கைத் திரும்பவும் ஆணியில் மாட்டிவிட்டுப் படுத்துக்கொண்டார்."

முதல் வரியோடு நிறுத்தி, பிள்ளைகள் காதுபட யோசியுங்கள்: "ஓட்டு மேல சடசடன்னு சத்தம்னு போட்டிருக்கு. எதுன்னு போடல. ராத்திரி முழுக்கக் கேட்டுதுன்னா மழையாத்தான் இருக்கணும்." அடுத்த வரி: "விடியறதுக்கு முன்னாடி எதுக்கு எழும்பணும்? வேலைக்குப் போறவரா?" மூன்றாவது: "தலையில விளக்கு கட்டிட்டு எந்த வேலைக்குப் போவாங்க மக்ளே?" உங்கள் பக்கத்துப் பிள்ளைகள் உடனே "பால்வெட்டு" (ரப்பர் மரத்தில் பால் எடுக்கும் வேலை) என்று சொல்லிவிடுவார்கள். ரப்பர் என்ற சொல்லோ மழை என்ற சொல்லோ பத்தியில் இல்லை.

இதையே கடற்கரைப் பள்ளியில் கொடுத்தால் கடலுக்குப் போகிறவர் என்று சொல்லலாம். அது முட்டாள்தனமான விடை இல்லை. அந்தப் பிள்ளையிடம் உள்ள அறிவுக்கு அதுதான் நியாயமான ஊகம். விடியும் முன் வெட்டினால்தான் பால் நன்றாக வடியும், பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டுக்கோட்டை விட்டு வழிந்து, மழைநீரோடு கலந்து வீணாகும் என்று இரண்டு நிமிடம் விளக்கிவிட்டால் அந்தப் பிள்ளைக்கும் பத்தி திறந்துகொள்ளும். 1988-இல் டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய பத்தி ஒன்றை மாணவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். வாசிப்பில் கெட்டிக்காரர்களாக இருந்தும் ஆட்டம் தெரியாதவர்களைவிட, வாசிப்பில் பின்தங்கியிருந்தும் ஆட்டம் தெரிந்தவர்கள் நன்றாகப் புரிந்துகொண்டார்கள். ஆகவே பத்தியைக் கொடுக்கும் முன், அதில் சொல்லாமல் விட்ட எந்தச் செய்தி தெரிந்தால்தான் இது புரியும் என்று ஆசிரியர் ஒருமுறை யோசித்தே ஆக வேண்டும். அதை மட்டும் முன்கூட்டியே சொல்லுங்கள். கதையையே சொல்லிவிட்டால் வாசிக்க எதுவும் மிஞ்சாது.

எழுதும்போது இரண்டு கட்டம் போட்டுக் கொடுக்கலாம்: "பத்தி சொல்வது", "எனக்குத் தெரிந்தது". இரண்டையும் நிரப்பிய பிறகு "ஆகவே" என்று தொடங்கி ஒரு வாக்கியம். முதல் கட்டத்தைக் காலியாக விட்டு ஊகிக்கும் பிள்ளை கற்பனை செய்கிறது. இரண்டாவதைக் காலியாக விட்ட பிள்ளை வரியை நகலெடுக்கிறது. எந்தப் பக்கம் உதவ வேண்டும் என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

கேள்வி: பேரனுக்குத் தினமும் ராத்திரி கதை சொல்கிறேன். புத்தகம் பார்த்து வாசிக்க எனக்குக் கண் சரியில்லை. வாய்க்கதை வாசிப்புக்கு உதவுமா?
– ஒரு தாத்தா, பூதப்பாண்டி

பதில்: நிச்சயமாக உதவும் ஐயா. ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். கதை திரும்பும் இடத்தில் நிறுத்தி, "இனி அவன் என்ன செய்வான்னு நினைக்கிற?" என்று கேளுங்கள். அவன் சொன்ன பிறகு "எதை வச்சுச் சொல்லுற?" என்றும் கேளுங்கள். ஒரு கதைக்கு இரண்டு முறை நிறுத்தினால் போதும், அதற்கு மேல் கதையின் ருசி போய்விடும். மறுநாள் அதே கதையை அவனை உங்களுக்குச் சொல்லச் சொல்லுங்கள்.

கேள்வி: மகன் ஆங்கில வழிப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. வீட்டில் தமிழ்தான். எந்த மொழியில் பயிற்சி கொடுப்பது?
– ஒரு தந்தை, மார்த்தாண்டம்

பதில்: புரிந்துகொள்ளும் பயிற்சியைத் தமிழில் கொடுங்கள். முக்கியமானதைப் பிரித்தெடுப்பது, அடுத்து என்ன என்று எண்ணுவது, காரணம் தேடுவது எல்லாம் ஒரு மொழியில் வந்துவிட்டால் மற்ற மொழிக்கும் கூடவே வரும். ஆங்கிலப் பாடத்தை வாசித்துவிட்டு அதைப் பற்றித் தமிழில் பேசுவதில் எந்தத் தவறும் இல்லை. வீட்டில் மலையாளம் பேசும் எல்லைப்பகுதிக் குடும்பங்களுக்கும் இதுவே பொருந்தும்: பள்ளிப் பாடம் எந்த மொழியில் இருந்தாலும், பேச்சு வீட்டு மொழியில் நடக்கலாம்.

கேள்வி: ஈராசிரியர் பள்ளி. மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புகள் என் ஒருவர் கையில். ஒவ்வொரு பிள்ளையாக உட்காரவைத்து வாசிக்க நேரமில்லை. குழுவாகச் செய்ய வழி உண்டா?
– ஆசிரியர், பேச்சிப்பாறை

பதில்: உண்டு. ஆன்மேரி பாலின்சர், ஆன் பிரவுன் என்ற ஆய்வாளர்கள் 1984-இல் வெளியிட்ட முறையைக் கொஞ்சம் மாற்றினால் உங்கள் நிலைமைக்குப் பொருந்தும். நான்கு பேர் கொண்ட குழு, நான்கு அட்டை. ஒருவர் அடுத்து என்ன வரும் என்று முன்கூட்டிச் சொல்வார். ஒருவர் கேள்வி கேட்பார். ஒருவர் புரியாத சொல்லையோ வரியையோ பிடித்து விளக்கம் தேடுவார். ஒருவர் பத்தியைச் சுருக்கிச் சொல்வார். நான்கைந்து வாக்கியம் முடிந்ததும் நிறுத்திப் பேச வேண்டும். அடுத்த துண்டுக்கு அட்டைகள் வலப்பக்கம் நகரும்.

நான்கு அட்டையையும் முதல் நாளே கொடுத்தால் இது கட்டாயம் சொதப்பும். ஒரு வாரத்துக்கு ஒரு வேலை என்று, நீங்கள் செய்துகாட்டி, முழு வகுப்பும் சேர்ந்து பழகட்டும். ஐந்தாவது வாரத்தில்தான் குழு. கேள்வி கேட்பவர் "யார், எங்கே" என்பதிலேயே நிற்பார், அட்டையின் பின்பக்கம் "ஏன், எப்படி, இல்லாவிட்டால்?" என்று எழுதிவையுங்கள். சுருக்குபவர் முழுவதையும் திரும்பச் சொல்வார். கைவிரல் பத்துக்குள் சொற்கள் அடங்க வேண்டும் என்று விதி போடுங்கள். விளக்கம் தேடுபவர் "எல்லாம் புரிஞ்சுது" என்பார். அவர் அந்தப் பத்தியில் மூன்றாம் வகுப்புத் தம்பிக்குப் புரியாத ஒரு சொல்லையாவது காட்ட வேண்டும் என்று வையுங்கள். கூச்சம் போய்விடும்.

மூன்று வகுப்பும் கலந்த குழுவில் பெரியவர் வாசிக்கச் சிறியவர் பேசலாம். அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு (தொடக்க நிலை), மொட்டு, மலர் என்று நிலை பிரித்திருப்பீர்கள். அரும்பு நிலைப் பிள்ளைக்கு வாசிக்க வராது என்பதால் யோசிக்க வராது என்று எண்ணிவிடாதீர்கள். முன்கூட்டிச் சொல்லும் அட்டையை முதலில் அந்தப் பிள்ளையிடம் கொடுங்கள். நீங்கள் ஒரு நாளைக்கு ஒரு குழுவின் அருகில் மட்டும் 15 நிமிடம் உட்கார்ந்தால் போதும்.

கேள்வி: வீட்டில் வாசிக்க எந்தப் புத்தகம் கொடுப்பது? கடினமா எளிதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வாய்விட்டு வாசிக்கணுமா, மனதுக்குள் வாசிக்கணுமா?
– ஒரு தாய், நாகர்கோவில்

பதில்: புத்தகத்தின் நடுவிலிருந்து 100 சொற்கள் வாசிக்கச் சொல்லுங்கள். ஐந்து இடம் வரை தட்டினால் தானே வாசிக்கலாம். ஐந்துக்கு மேல் பத்துக்குள் என்றால் நீங்கள் அருகில் இருங்கள். பத்தைத் தாண்டினால் அந்தப் புத்தகத்தை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள், கைவிட வேண்டாம்.

ஒன்று, இரண்டாம் வகுப்பில் வாய்விட்டே வாசிக்கட்டும். மூன்றாம் வகுப்பிலிருந்து முதலில் மனதுக்குள் ஒருமுறை, பிறகு பிடித்த பகுதியை மட்டும் வாய்விட்டு. அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளை என்றால் வாசிப்பு இயக்கத்தின் குட்டிப் புத்தகங்களும், நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கான 'ஊஞ்சல்' இதழும் பள்ளியில் இருக்கும், கேட்டு வாங்குங்கள். பஸ் நேரப் பலகை, மருந்துச் சீட்டு, பால் பாக்கெட்டின் பின்பக்கம், கோயில் திருவிழா நோட்டீஸ், பள்ளியிலிருந்து வரும் சுற்றறிக்கை இவற்றையும் வாசிக்கவையுங்கள். நோட்டீஸைக் கையில் கொடுத்து, "வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாம போனா எதைப் பார்க்கலாம்?" என்று கேளுங்கள். நாள், நேரம், நிகழ்ச்சி மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் பிள்ளையால் அதற்குப் பதில் சொல்ல முடியும்.